அண்ணன் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றிய வண்டி

காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஜன்னல் கொக்கியில் மாட்டியிருந்த அண்ணனின் காக்கிச் சட்டை. அதன் முன்பக்கத்தில் ஆசிட் தெறித்த பொத்தல்கள் ஏழு இருந்தன. எண்ணி முடித்த பிறகுதான் கட்டிலைப் பார்த்தேன். போர்வை முகத்துக்கு மேல் இழுத்து விடப்பட்டிருந்தது. கால்மாட்டில் நின்றிருந்த அண்ணி, "அஞ்சே முக்காலுக்கு" என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் தங்கச் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீட்டுக்கு முன்னால் போட்ட பந்தலில் அறுபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பதினோரு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவர்கள். பௌத்த சங்கத்தார் பஞ்சசீலம் சொல்லி முடித்தார்கள். தூக்குவதற்கு முன் இருந்த அமைதியில், ஸ்கெலட்டன் குடியிருப்பில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"மச்சான் காலை வாங்கினவனும் போய்ச் சேந்துட்டான்."

குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அண்ணி கேட்டார். அக்கா கேட்டார். நானும் கேட்டேன்.

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவாகப் போடும் இந்த மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும், யார் மனமும் புண்படாமல் எழுதும்படி உறவினர் இருவர் கேட்டுக்கொண்டார்கள். அண்ணனைப் பற்றிப் பதினோரு வருடம் பேசியபோது அவர்களுக்கு அந்தக் கவனம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. நான் பெங்களூரில் ஒரு நாளிதழில் வேலை செய்கிறவன். நடந்ததை எழுதிப் பழகியவன். அக்காவின் கணவரான மாமாவின் கால் போனதற்கு அண்ணன் பொறுப்பா, இல்லையா? அவருடைய வாழ்க்கையைப் பற்றி உங்களில் பெரும்பாலோர் கேட்ட ஒரே கேள்வி இதுதான். ஆகவே இந்தப் பக்கங்களில் அதற்கே இடம் அதிகம்.

அண்ணன் பிறந்தது குடியாத்தத்துக்குப் பக்கத்தில், அம்மாவின் ஊரில். நாற்பது நாள் குழந்தையாக இங்கே வந்து சேர்ந்தார். அப்பா சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலையில் இருந்தார். நெஞ்சில் தூசு இறங்கி இறந்தபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, அக்காவுக்குப் பத்து, எனக்கு ஆறு. அண்ணன் பள்ளியை விட்டுவிட்டு லாம்ப் ரூமில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜ் என்ற கூண்டில் இறங்கப் போகிறவர் தன் எண் பொறித்த பித்தளை டோக்கனை ஜன்னலில் கொடுத்துவிட்டு, தலையில் மாட்டும் விளக்கையும் இடுப்பில் கட்டும் பேட்டரியையும் வாங்கிக்கொள்வார். ஷிப்டு முடிந்து ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொள்வார். திரும்பி வந்த பேட்டரிகளுக்கு ஆசிட் பார்த்து, தண்ணீர் ஊற்றி, அடுத்த ஷிப்டுக்குள் சார்ஜ் ஏற்றி வைப்பது அண்ணனின் வேலை. இருபத்தொன்பது வருடம் அதைச் செய்தார். அவர் கையால் கொடுத்த விளக்கு கீழே போய் அணைந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணன் இனிமையான மனிதர் அல்ல. வீட்டுக்கு வந்தவர்களை அவர் 'வாங்க' என்று அழைத்து நான் கேட்டது மிகக் குறைவு. என்னைப் படிக்க வைத்தார். மாதம் ஒருமுறை அதைச் சொல்லியும் காட்டினார். அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியது அண்ணன்தான். அப்போதும் அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் ஊட்டினார்.

மாமா அண்ணனுக்கு முதலில் நண்பர். இருவரும் ஒரே லைனில் வளர்ந்தவர்கள். அண்ணனே பேசி முடித்துத்தான் அக்காவை அவருக்குக் கொடுத்தார். கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு காலை ஷிப்டில் மாமா லாம்ப் ரூம் ஜன்னலில் இரண்டு டோக்கன்களை நீட்டினார். ஒன்று அவருடையது. மற்றொன்று அன்று வேலைக்கு வராத நண்பர் ஒருவருடையது. இரண்டு விளக்குகள் வெளியே போனால் இரண்டு பேரும் கீழே இறங்கியதாக ஆகிவிடும். நண்பருக்கு லீவு போகாது.

அண்ணன் ஒரு விளக்கைத்தான் கொடுத்தார். "கீழ பாறை வுழுந்தா ரெண்டு பேரத் தேடுவாங்க மச்சான். இல்லாதவனத் தேடப் போய் நாலு பேரு செத்தா, நீ வந்து தூக்குவியா?" என்று கேட்டார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஷிப்டு அதிகாரியிடமும் போய்ச் சொன்னார். மாமாவுக்குப் பதினைந்து நாள் வேலை இல்லை என்றார்கள். பதினாறாம் நாள் மாமா போகவில்லை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு பேத்தமங்களா பக்கம் தன் அப்பாவின் நிலத்துக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இருவரும் நேராகப் பேசிக்கொண்டதில்லை.

சுரங்கங்கள் மத்திய அரசின் கைக்குப் போன மறு வருடம் மாமா ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். காப்பி எஸ்டேட் ஒன்றில் ஏலத்தில் எடுத்தது. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வண்டி. பேட்டரி ஆறு வோல்ட். எங்கள் பக்கத்துக் காலைக் குளிரில், என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் இரண்டு முறை முனகும், மூன்றாம் முறை முனகவும் செய்யாது. ஆறு பேர் தள்ளினால்தான் வண்டி கிளம்பும். முதல் மாதம் ஆள் கிடைத்தது. பிறகு வண்டிச் சத்தம் கேட்காத வீடுகளிலும் மாமா போய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. "ஆறு ஆளு தள்ற வண்டிக்கு ஒரு ஜோடி மாடு வாங்கியிருக்கலாமே, கவுடரே" என்று டீக்கடையில் கேட்டார்கள். மாமா நிலக்காரக் கவுடர் சாதி அல்ல. அதனால்தான் அப்படிக் கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் கேழ்வரகு விதைக்கும் நேரத்தில் மழை பெய்து மூன்று நாள் ஈரம் நின்றது. அந்த மூன்று நாளும் வண்டி கிளம்பவில்லை. நான்காம் நாள் அக்கா பஸ் ஏறி சாம்பியன் ரீப்ஸ் வந்தார். வீட்டுக்கு வரவில்லை. லாம்ப் ரூம் ஜன்னலுக்குப் போனார்.

"அவன் வந்து கேக்கட்டும்" என்றார் அண்ணன்.

"அவரு வர மாட்டாரு. நான் வந்துட்டேன். நான் ஆளு இல்லியாண்ணா?"

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை போனார். நான் அப்போது லீவில் வந்திருந்தேன். நான்கு ஞாயிறும் கூடப் போனேன். எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. இருவரும் அடித்துக்கொண்டால் விலக்குவதற்கு ஒருவர் வேண்டும் என்று அண்ணி அனுப்பினார்.

ஆறு வோல்ட் பெரிய பேட்டரி ராபர்ட்சன்பேட்டையில் கிடைப்பது கஷ்டம், லாரிக்குப் போடும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆகவே வண்டியையே பன்னிரண்டுக்கு மாற்றிவிடுவது என்று அண்ணன் முடிவு செய்தார். உடைத்துப் போட்ட ஒரு ஜீப்பிலிருந்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவும் அதன் கட்-அவுட் பெட்டியும் எடுத்து வந்தார். என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலை மாற்றினார். பல்புகளை மாற்றினார். பழைய ஒயர்களில் துணி உறை உளுத்திருந்தவற்றை அறுத்துவிட்டுப் புதிது போட்டார். அந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் இரும்போடு சேர்ந்திருந்தது. இனி மைனஸ் முனை சேர வேண்டும் என்று, எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும்படி, பிளஸ் ஒயருக்குச் சிவப்புத் துணி சுற்றினார். ஸ்டார்ட்டர் மோட்டாரை மட்டும் மாற்றவில்லை. ஆறு வோல்ட்டுக்குச் செய்த மோட்டார் பன்னிரண்டு வோல்ட்டிலும் சுற்றும். முன்பைவிட இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றும். பத்து நொடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் வெந்துபோகும். லாரி மெக்கானிக்குகளும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

இங்கே மாமாவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டு முற்றம் சரிவானது. வண்டியில் கை பிரேக் வேலை செய்யாது. ஆகவே இரவு வண்டியை கீரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைத்து நிறுத்துவார். காலையில் எழுந்ததும் மேலே ஏறாமல், பெரிய பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றபடியே கையை நீட்டி ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்குவார். பேட்டரிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஆறு வோல்ட்டில் வண்டி கீரில் இருந்தால் ஸ்டார்ட்டர் ஒரு முனகலோடு நின்றுவிடும். சக்கரம் ஒரு விரற்கடைகூட அசையாது. பிறகு அவர் ஏறி நியூட்ரலில் போட்டுவிட்டு, தள்ள ஆள் தேடிப் போவார். தினமும் இப்படித்தான். ஒன்றும் ஆனதில்லை.

முதல் ஞாயிறு மாமா முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் அண்ணனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் எட்டு அடி இருக்கும். அக்கா கதவருகில் நின்றார்.

"ஏம்மா, உங்கண்ணன் ரிப்பேருக்கு வந்தாரா, பொணம் அறுக்க வந்தாரான்னு கேளு. எல்லாத்தையும் அறுத்துக் கடாசிக்கினு கீறாரு" என்றார் மாமா.

"செத்ததத்தான் அறுப்பாங்கன்னு சொல்லு. வண்டிக்கு உசுரு கீது. ஓட்றவனுக்குத்தான் மண்ட செத்துப்போச்சி" என்றார் அண்ணன்.

"லாம்ப் ரூம்ல ஒக்காந்துகினு ஆளக் காட்டிக் குடுக்கிற வேல இல்ல இது. கை ஓடணும்னு சொல்லு."

"ரெண்டு டோக்கன் நீட்டற கைய வுட இது நல்லாவே ஓடும்னு சொல்லு."

மாமா கட்டிலிலிருந்து எழுந்தார். அண்ணன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. நான் நடுவில் போய் நின்றேன். அண்ணி என்னை அனுப்பியது வீண்போகவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து அக்கா ஓர் ஏற்பாடு செய்தார். அண்ணன் வரும் நேரத்துக்கு மாமா நிலத்துக்குப் போய்விடுவார். அண்ணன் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு வருவார். சொல்ல வேண்டியதை இருவரும் அக்காவிடம் சொல்வார்கள். அக்கா அதில் உள்ள வசவை எடுத்துவிட்டு மிச்சத்தை மற்றவரிடம் கொண்டுபோவார். "அந்தப் புடுங்கி எப்பத்தான் முடிப்பானாம்" என்பது "எப்ப முடியும்னு கேட்டாரு" என்று அண்ணனிடம் வரும். "கழுதைக்கு அவசரம் இன்னாத்துக்கு, ரெண்டு வாரம் ஆவும்" என்பது "ரெண்டு வாரம்" என்று போய்ச் சேரும். வசவைத் தவிர வேறு எதுவும் இல்லாத செய்திகள் அக்காவிடமே நின்றுவிடும். அவற்றை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அக்கா இப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அந்த வேலை இரண்டாம் ஞாயிறோடு நின்றிருக்கும்.

நான்காம் ஞாயிறு காலை பதினொன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்து, பொத்தானைத் தொட்டார். தொட்டதும் வண்டி கிளம்பியது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களில் ஒருவர் கை தட்டினார். தள்ளுவதற்கு வந்து ஓய்ந்தவர்களில் ஒருவராக இருக்கலாம். அண்ணன் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, நியூட்ரலில் நிறுத்தி, முன்னும் பின்னும் கல் வைத்தார். பிறகு அடுப்படி வாசலில் போய் நின்று அக்காவிடம் மூன்று விஷயங்கள் சொன்னார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

முதலாவது, பத்து நொடிக்கு மேல் பொத்தானை அமுக்கக் கூடாது. இரண்டாவது, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சிவப்புத் துணி ஒயரை மாற்றி மாட்டக் கூடாது. மூன்றாவதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதுகிறேன்:

"அந்த மண்ட கெட்டவன்கிட்ட சொல்லி வை. இன்னமே கீர்ல போட்டுக்கினு கீழ நின்னு பட்டன அமுக்கினான்னா வண்டி அவன் மேலதான் ஏறும். ஏறட்டும். அப்பவாவது புத்தி வருதா பாப்போம்."

அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல் "சரிண்ணா" என்றார்.

மாமா அன்று நாங்கள் கிளம்பும் வரை பொறுக்காமல் பன்னிரண்டு மணிக்கு மேல் நிலத்திலிருந்து வந்தார். வண்டி தொட்டதும் கிளம்பியது என்று வழியிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு முதல் இரண்டு விஷயங்களையும் சொன்னார். பிறகு எங்களுக்குச் சோறு போட உள்ளே வந்தார். அண்ணனும் நானும் வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தோம். முற்றத்தில் மாமா மட்டும் இருந்தார்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. உடனே ஓர் அலறல். உடனே வண்டிச் சத்தம் நின்றது. அண்ணன் என்னைத் தாண்டி ஓடினார்.

வண்டி கல்லை ஏறிக் கடந்து, மாட்டுக்கொட்டகைச் சுவரில் முட்டி நின்றிருந்தது. இடது பின் சக்கரம் மாமாவின் இடது காலின் மேல், முழங்காலுக்குக் கீழே இருந்தது. அண்ணன் வண்டிமேல் தாவி ஏறி, கீர்க் கம்பியை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் குதித்தார். பின் சக்கரத்தில் தோளைக் கொடுத்தார். நானும் வேலிக்கு வெளியே இருந்து ஓடி வந்தவர்களும் சேர்ந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளினோம். அண்ணன் தன் துண்டைக் கிழித்து, தொடையில் இறுக்கிக் கட்டினார். லாரி ஒன்றை மறித்து ஏற்றினோம். ஆஸ்பத்திரி வரை மாமாவின் தலை அண்ணன் மடியில் இருந்தது. மாமா நினைவு இருந்தவரை பேசினார். அவற்றை இங்கே அச்சில் போட முடியாது. அன்று மாலை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

வண்டி முதல் கீரில் இருந்தது. அண்ணன் நியூட்ரலில் விட்டுப் போனதை வழக்கம்போல் கீரில் போட, மாமாவைத் தவிர முற்றத்தில் வேறு யாரும் இல்லை. ஆனால் அன்று பிற்பகல் முற்றத்துக்கு வந்து பார்த்த எல்லோரும் பார்த்தது நியூட்ரலில் நின்ற வண்டியை. கம்பியைத் தள்ளியது அண்ணனின் கை. அதைத் தள்ளாமல் காலை வெளியே எடுத்திருக்க முடியாது.

நான்காம் நாள் மாமா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து சொன்னார்: வண்டி நியூட்ரலில்தான் இருந்தது. நியூட்ரலில் நின்ற வண்டி பாய்ந்தது என்றால் ஒயரில் ஏதோ செய்து வைத்திருக்கிறான். டோக்கன் விஷயத்தில் வேலையை வாங்கினான், இப்போது காலை வாங்கிவிட்டான்.

நியூட்ரலில் இருக்கும் வண்டியை எந்த ஒயரும் நகர்த்த முடியாது. இது டிராக்டர் ஓட்டிய யாருக்கும் தெரியும். எங்கள் உறவினர்களில் அன்று டிராக்டர் ஓட்டத் தெரிந்தவர் மாமா ஒருவர்தான்.

அன்றே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணனிடம் கேட்டேன்: "மூணாவத அக்கா சொல்லலையா?" அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"அவ பேரு வெளிய வந்துச்சின்னா ஒன்ன வெட்டிப் போட்டுருவேன். அவ அந்த வூட்ல வாழணும். என் பேரு கெட்டா லாம்ப் ரூம மூடிருவாங்களா?"

இரண்டு மாதம் கழித்து ஸ்கெலட்டனில் பெரியப்பா வீட்டில் உறவினர்கள் கூடினார்கள். அண்ணனைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் கேட்டார்கள். வண்டி கீரில் இருந்ததா? "இருந்துச்சி" என்றார். யாரும் நம்பவில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை? அக்கா பெண்களோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

"சொல்லணும்னு தோணல" என்றார் அண்ணன்.

அங்கே இருந்தவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "வேணும்னே செஞ்சவன் வாயால வந்துடுச்சி" என்று பெரியப்பா மகன் சொன்னார். அண்ணன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று முடிவு செய்து எழுந்தார்கள். அண்ணன் பொய் சொல்கிறார் என்று தெரிந்த இருவர் அந்த அறையில் இருந்தோம். அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை. அண்ணன் சொன்ன மூன்றாவதை நானும் கேட்டவன்தான். மாமாவிடம் நானே போய்ச் சொல்லியிருக்கலாம். இந்தக் கட்டுரையில் மற்றவர்களைப் பற்றி எழுதுவதால் இதையும் எழுத வேண்டியிருக்கிறது.

பதினோரு வருடம் அண்ணன் வீட்டுக்கு உறவினர் வரவில்லை. அவர் பொறுத்துக்கொண்டார் என்று எழுத மாட்டேன். பொறுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களின் பெயர்கள் எல்லாம் அவருக்குத் தேதியோடு நினைவிருந்தன. கடமைக்கு அனுப்பிய கல்யாணப் பத்திரிகைகளின் மேல் 'மேற்படி நபர் இந்த விலாசத்தில் இல்லை' என்று தன் கையாலேயே எழுதி, மறுபடியும் தபாலில் போட்டார். தபால்காரர் முதலில் மறுத்தார், பிறகு பழகிக்கொண்டார். அண்ணியால் சொந்தத் தங்கையின் பிள்ளைக்குப் பெயர் வைத்த விருந்துக்கும் போக முடியவில்லை. அக்காவை மாமா சாம்பியன் ரீப்ஸ் பக்கம் அனுப்பவே இல்லை.

அந்த வண்டி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். மாமா ஓட்டுவதற்கு ஆள் வைத்து, பதினோரு வருடமும் அதை வைத்தே உழுதார். கேழ்வரகு ஒரு பருவமும் தவறவில்லை. அதன் பிறகு யாரும் வண்டியைத் தள்ளவில்லை. பேட்டரி மட்டும் சில முறை மாறியது. ஆளைக் கொல்ல வைத்த ஒயர் என்று ஊரெல்லாம் சொன்ன அந்த ஒயரில் ஒன்றைக்கூட மாமா மாற்றவில்லை.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி வாரம் நர்சுகளோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் அண்ணி எனக்குத் தந்தி கொடுத்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அவரை யார் என்று அறியாமல், இந்தப் பக்கத்தில் ஒரு லாம்ப் ரூம்காரன் மச்சான் காலை எடுத்த கதையை அவரிடமே சொன்னாராம். அண்ணன் முழுதும் கேட்டுவிட்டு, "அவன் பெரிய அயோக்கியன்தான்" என்றாராம். அண்ணி இதைச் சொல்லும்போது சிரித்தார். பிறகு எழுந்து உள்ளே போனார்.

இறந்த அன்று அக்கா வந்தார். மாமா வரவில்லை. பெரியப்பா மகன் சொன்னதைக் கேட்டும் அக்கா அன்று ஒன்றும் சொல்லவில்லை. பத்து மாதம் கழித்து, இந்த மலரைப் போடப்போகிறோம் என்று தெரிந்ததும், தனியாக பஸ் ஏறி பெங்களூரில் என் வீட்டுக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே பேசத் தொடங்கினார்.

"எளுதுப்பா. அவரு சொன்னாரு, நான்தான் சொல்லலன்னு எளுது. எப்பவும் மாதிரி திட்றாருன்னு நெனச்சி வுட்டுட்டேன்."

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி சொல்லிட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"சோறு வேணான்னுட்டாரு."

உங்கள் பெயரைப் போட வேண்டாம், வீட்டில் ஒருவர் என்று எழுதிவிடுகிறேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அண்ணன் தெரிந்தார். "வூட்ல ஒருத்தருன்னு போட்டா ஒங்கண்ணின்னு சொல்வாங்க. அக்கான்னு போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

இனி நன்றி. அண்ணனைக் கடைசி மூன்று வாரம் கவனித்து, அவருடைய வசவுகளையும் வாங்கிக்கொண்ட வார்டு நர்சுகளுக்கு நன்றி. ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து தோள் கொடுத்த லாம்ப் ரூம் தோழர்கள் எட்டுப் பேருக்கு நன்றி. பதினோரு வருடமும் உறவினரின் முடிவைப் பொருட்படுத்தாமல் எங்கள் வீட்டில் டீ குடித்த சங்கத்துத் தலைவருக்கும் அவர் துணைவியாருக்கும் நன்றி. பத்திரிகைகளைத் திருப்பி எடுத்துப்போன தபால்காரருக்கும் நன்றி. பந்தலுக்கு வந்த மற்றவர்கள் வந்தார்கள் என்பதைக் குறித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் பேத்தமங்களாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மாமாவுக்கு இப்போது பார்வை மங்கல். அக்கா அவருக்கு முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக் காட்டினார். முடிந்த பிறகு மாமா ஒரே ஒரு திருத்தம் சொன்னார். வண்டி இரண்டாவது கீரில் இருந்தது என்று எழுதியிருந்தேன். இரண்டாவது இல்லை, முதல் கீர் என்றார். திருத்திவிட்டேன்.